கடை பூட்டும் நேரம்

எங்கள் வீட்டில் மஃரிப் தொழுது முஸல்லாவை மடிக்கும்போது நியூயோர்க்கில் காலை ஒன்பது மணி. இதை நான் புவியியல் பாடத்தில் படிக்கவில்லை. வாப்பாவின் போனைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

வாப்பா ஓர் ஆடைக் கம்பனியில் மேர்ச்சண்டைசராக வேலை செய்கிறார். ஓடர் தரும் அமெரிக்கக் கம்பனிக்கும் அதைத் தைத்துக் கொடுக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் நிற்கும் வேலை அது. பட்டன் என்ன நிறம், துணி எப்போது வந்து சேரும், அனுப்பிய சாம்பிள் சரிதானா, சரக்கு எந்தக் கப்பலில் போகும் என்ற கேள்விகள் எல்லாம் அவரிடம்தான் வரும். அலுவலக நேரம் காலை எட்டரை முதல் மாலை ஐந்து வரை. ஆனால் கேள்வி கேட்பவர்கள் கண் விழிப்பதே எங்களுக்கு இருட்டிய பிறகுதான்.

அமெரிக்காவில் மார்ச் மாதத்தில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவார்கள். நவம்பரில் மறுபடியும் பின்னுக்கு இழுப்பார்கள். அதனால் வருடத்தில் பாதிக்கு மேற்பட்ட காலம் அவர்களுடைய காலை ஒன்பது மணி எங்களுடைய மாலை 6.30. மிச்சக் காலத்தில் அது இரவு 7.30. ஒரு காலத்தில் மஃரிபைத் தொடர்ந்து வரும், மற்றக் காலத்தில் இஷாவோடு வரும். எப்படிப் பார்த்தாலும் நாங்கள் ஐந்து பேரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் நேரம் அதுதான். வாப்பா, உம்மா, உம்மும்மா, நான், தம்பி.

2025 ஆம் ஆண்டு நோன்பு மார்ச் மாதத்தில் வந்தது. தம்பிக்கு அப்போது எட்டு வயது. அதற்கு முந்திய வருடங்களில் பகல் வரைக்கும் பசித்திருந்துவிட்டு, அதை அரை நோன்பு என்று சொல்லிக்கொள்வான். அந்த வருடம் முழு நோன்பு பிடிக்கப் போவதாக வீடு முழுக்க அறிவித்துவிட்டான். பாடசாலைக்கு விடுமுறை என்பதால் உம்மாவும் சரி என்றார். ஸஹருக்கு எழும்பி, சோற்றை விழுங்க முடியாமல் விழுங்கி, நிய்யத்தைச் சத்தமாகச் சொன்னான். அஸருக்குப் பிறகு முகம் வாடிவிட்டது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கு ஓர் ஆசை இருந்தது. தன் முதல் நோன்பைத் திறக்கும்போது வாப்பாதான் ஈத்தம்பழத்தைக் கையில் எடுத்துத் தர வேண்டும். வாப்பாவும் அன்று ஐந்தரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டார். கஞ்சி, சமூசா, தம்பிக்குப் பிடித்த பலூடா எல்லாம் விரிப்பில் தயாராக இருந்தன. அதற்கு முந்திய நாள்தான் அமெரிக்காவில் கடிகாரத்தை மாற்றியிருந்தார்கள். அது எங்களில் ஒருவருக்கும் நினைவில் இல்லை.

அதான் சொல்ல நான்கு நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது. "ரெண்டு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வாப்பா வெளி விறாந்தைக்குப் போனார். ஒரு சாம்பிளில் கழுத்துப் பட்டியின் அளவு பிழைத்திருந்ததாம். அதான் சொன்னது. வாப்பா விறாந்தையில் நின்றபடியே ஒரு மிடறு தண்ணீரைக் குடித்து நோன்பைத் திறந்தார். ஒரு கையில் கோப்பை, மறு கையில் போன்.

தம்பி ஈத்தம்பழத்தைத் தொடவில்லை.

"நோன்ப சுணக்கக் கூடாது மகன். வாயில வைங்க" என்றார் உம்மா.

"வாப்பா வரட்டும்."

உம்மும்மா சொல்லிப் பார்த்தார். நான் சொல்லிப் பார்த்தேன். நோன்பு திறப்பதை விரைவுபடுத்துவது சுன்னத் என்று அவனுக்கு மத்ரஸாவில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அது தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தான். பதினொரு நிமிடம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் சரியாகச் சொல்ல முடிகிறது. வாப்பா உள்ளே வந்தபோது அவனுடைய கண்கள் நிரம்பியிருந்தன. வாப்பா அப்படியே கீழே உட்கார்ந்து, அவனை மடியில் இழுத்து, ஈத்தம்பழத்தை ஊட்டினார். "மாப் பண்ணுங்க மகன்" என்றார். தம்பி உடனே மன்னித்துவிட்டான். எட்டு வயதில் மன்னிப்பது இலகு. எனக்கு அவ்வளவு இலகுவாக இருக்கவில்லை.

அன்றிரவு உம்மும்மா ஒரு விடயம் சொன்னார். உம்மாவின் வாப்பாவை நாங்கள் அப்பா என்று சொல்வோம். அவர் புடவைக்கடை வைத்திருந்தவர். இரவு எட்டு மணிக்குக் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் போட்டு, பூட்டி, சாவிக் கொத்தோடு வீட்டுக்கு வருவாராம். வாசலுக்கு உள்ளே சுவரில் ஓர் ஆணி. அதில் சாவியைக் கொழுவுவார். "அந்தச் சத்தம் கேட்டாத்தான் மனிசன் வீட்டுக்கு வந்த மாதிரி" என்றார் உம்மும்மா. கடையில் கவலை இருக்கவில்லையா என்று கேட்டேன். "கடன்காரன் கவல எல்லாம் நெஞ்சுல இருந்திச்சு. ஆனா கடன்காரன் நெஞ்சுக்குள்ள இருந்து பேசல்ல."

அந்த வசனம் என் மனதில் தங்கிவிட்டது. அப்பாவின் வேலைக்கு ஒரு கதவு இருந்தது, அந்தக் கதவுக்கு ஒரு பூட்டு இருந்தது. வாப்பாவின் வேலை சட்டைப் பையில் இருக்கிறது. அதைப் பூட்ட முடியாது. சுவரில் கொழுவினால் அங்கிருந்தும் ஒளிரும்.

நோன்பில் மட்டும் நடந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். அந்த நாள்தான் நான் கவனிக்கத் தொடங்கிய நாள். கவனிக்கத் தொடங்கியதும் பல விடயங்கள் கண்ணில் பட்டன.

இஷாவுக்குப் பிறகு உம்மாவும் வாப்பாவும் பிளேன்டீ குடித்தபடி பேசுவது எங்கள் வீட்டுப் பழக்கம். மின்சாரக் கட்டணம், யாருடைய கல்யாணம், தம்பியின் கணக்குப் பாடம் என்று சின்னச் சின்ன விடயங்கள்தான். உம்மா ஒரு வசனத்தைத் தொடங்குவார். போன் ஒளிரும். வாப்பாவின் கண் ஒரு கணம் அந்தப் பக்கம் போய் வரும். உம்மா வசனத்தை நிறுத்திவிடுவார். ஒரு நாள், "என்ன சொல்ல வந்தீங்க உம்மா?" என்று நான் கேட்டேன். "மறந்து போச்சு" என்றார். மறந்திருக்கவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

தம்பி ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தான். அறையில் இருந்த வாப்பாவை இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டும் பதில் இல்லாதபோது, உம்மாவின் போனை எடுத்து, "வாப்பா சாப்பாடு ரெடி" என்று வட்ஸ்அப்பில் அனுப்பினான். அடுத்த நொடியே பெருவிரல் படம் பதிலாக வந்தது. எல்லோரும் சிரித்தோம். வாப்பாவும் சிரித்துக்கொண்டுதான் வந்தார். ஆனால் சாப்பிடும்போது அவர் அதிகம் பேசவில்லை.

ஒரு நாள் மாலை ஒரு தாளில் கோடு போட்டு எண்ணிப் பார்த்தேன். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை வாப்பா போனைக் கையில் எடுத்தது 38 தடவை. அதில் பெரும்பாலானவை ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. "ஆம்", "நாளை அனுப்புகிறேன்", "பார்த்துச் சொல்கிறேன்" அவ்வளவுதான். எல்லாவற்றையும் கூட்டினால் அரை மணித்தியாலத்துக்குச் சற்று அதிகம். முதலில் எனக்கே ஏமாற்றமாக இருந்தது. வெறும் அரை மணித்தியாலத்துக்கா இவ்வளவு குறைப்படுகிறேன் என்று நினைத்தேன். பிறகு தாளை மறுபடி பார்த்தேன். இரண்டு கோடுகளுக்கு இடையில் பதினைந்து நிமிட இடைவெளிகூட எங்கும் இல்லை. தம்பியின் கணக்கு ஒன்றைச் செய்து முடிக்கவோ உம்மாவின் கதை ஒன்றைக் கேட்டு முடிக்கவோ அந்த இடைவெளி போதாது. ஒரு முழுப் பாணைத் துண்டு துண்டாக்கிக் காகங்களுக்கு வீசினால் பாண் குறைந்ததாகத் தெரியாது, ஆனால் சாப்பிட ஒன்றும் மிஞ்சாது. எங்கள் மாலையும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

இதைப் பற்றி உலகம் யோசித்திருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். வேலைக்கு ஒரு முடிவு நேரம் வேண்டும் என்பது பழைய கோரிக்கை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919 இல் நிறைவேற்றிய முதலாவது சமவாயமே தொழிற்சாலைகளில் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 48 மணித்தியாலம் என்று வரையறுத்தது. எமது நாட்டில் 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று சொல்கிறது. அதற்கு மேல் வேலை வாங்கினால் மேலதிக நேரக் கொடுப்பனவு. அந்தச் சட்டம் எழுதப்பட்ட காலத்தில் தொலைபேசி என்பது மேசையில் கம்பியோடு கட்டப்பட்டிருந்த பொருள். அலுவலகத்தை விட்டு வெளியேறினால் வேலையை விட்டும் வெளியேறியதாக அர்த்தம். சாப்பாட்டு விரிப்பில் இருந்து "ஆம்" என்று ஒரு சொல் அனுப்புவது எத்தனை மணித்தியாலம் என்று அன்றைக்கு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

சில நாடுகள் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கின்றன. ஜெர்மனியின் வொக்ஸ்வேகன் கம்பனி 2011 இல் ஒரு பகுதி ஊழியர்களுக்கு, வேலை முடிந்து அரை மணித்தியாலத்தின் பின் கைத்தொலைபேசிக்கு அலுவலக மின்னஞ்சல் போகாமல் நிறுத்திவைக்க இணங்கியது. பிரான்சில் 2017 ஜனவரி முதல், 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கம்பனிகள் வேலை நேரத்துக்கு வெளியே தொடர்பைத் துண்டிக்கும் உரிமை பற்றி ஊழியர்களோடு பேச்சு நடத்த வேண்டும் என்று சட்டம் வந்தது. போர்த்துக்கல் 2021 இல் இன்னொரு படி மேலே போய், ஓய்வு நேரத்தில் ஊழியரைத் தொடர்புகொள்ளாமல் இருப்பது தொழில்தருநரின் கடமை என்றது. அவுஸ்திரேலியாவில் 2024 ஓகஸ்ட் முதல், வேலை நேரத்துக்குப் பிறகு வரும் அழைப்புக்கும் செய்திக்கும் பதில் சொல்லாமல் இருக்க ஊழியருக்கு உரிமை உண்டு. அந்த மறுப்பு நியாயமற்றதாக இருக்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை.

இதையெல்லாம் வாப்பாவிடம் ஆர்வத்தோடு சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நல்ல சட்டம்தான் மகள். ஆனா நான் பதில் சொல்லாட்டி பதில் சொல்ற இன்னொரு நாட்டுக்கு ஓடர் போகும். அந்தப் பயத்துக்கு என்ன சட்டம்?" என்றார்.

அந்தப் பயம் எவ்வளவு உண்மையானது என்பதைப் பெருநாள் முடிந்த கையோடு நாங்கள் கண்டோம்.

அந்த வருடம் நோன்புப் பெருநாள் மார்ச் 31. ஏப்ரல் 2 மாலை நான்கு மணியளவில் வாஷிங்டனில் அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் புதிய இறக்குமதி வரிகளை அறிவித்தார். இலங்கைக்கு 44 சதவீதம். எங்களுக்கு அது ஏப்ரல் 3 அதிகாலை. இரண்டு மணியளவில் வாப்பாவின் போன் அடித்தது. அதன் பிறகு அது நிற்கவே இல்லை. தண்ணீர் குடிக்க எழும்பிய நான் விறாந்தைப் படியில் வாப்பா உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். திரையின் வெளிச்சத்தில் அவருடைய முகம் நோயாளியின் முகம் போல இருந்தது. இலங்கையில் இருந்து ஏற்றுமதியாகும் பொருட்களில் முதலிடம் ஆடைக்கு. அந்த ஆடைகளை மிக அதிகமாக வாங்கும் தனி நாடு அமெரிக்கா. வாப்பா இவற்றையெல்லாம் எனக்கு விளக்கவில்லை. "ஓடர நிப்பாட்டி வைக்கச் சொல்றாங்க மகள்" என்று மட்டும் சொன்னார். அவருடைய தொழிற்சாலையில் தைக்கும் பெண்களில் எத்தனை பேர் தனிச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் ஒரே சம்பளம்தான்.

ஒரு வாரத்துக்குள் அந்த வரியைத் தொண்ணூறு நாட்களுக்குத் தள்ளிவைத்தார்கள். ஜூலையில் முதலில் 30 என்றார்கள். ஓகஸ்டில் அதை 20 சதவீதம் ஆக்கினார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது அந்த முதல் வாரத்தைப் பற்றி. எந்த நேரமும் போனைக் குறை சொல்லும் உம்மா, அந்த வாரம் இரவில் வாப்பாவின் தலைமாட்டில் தானே அதைச் சார்ஜில் போட்டு வைத்தார். அடித்தால் கேட்க வேண்டுமே என்பதற்காக.

அதைப் பார்த்த பிறகு போனை வெறுப்பது எனக்குக் கஷ்டமாகிவிட்டது. 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடி, ஊரடங்குச் சட்டம் போட்டு, நாடே வீட்டுக்குள் இருந்த காலத்திலும் இதே போன்தான் வாப்பாவின் வேலையைக் காப்பாற்றியது. ஆறாம் ஆண்டில் இருந்த நான் பகலில் அதே போனில்தான் ஸூம் வகுப்புக்குப் போனேன். வாப்பா முக்கியமான அழைப்புக்காகக் காத்திருக்கும்போதுகூட என் வகுப்பு முடியும் வரை பொறுத்திருப்பார். எங்களுக்குச் சோறு போடுவதும் அதுதான், சோற்றுத் தட்டில் இருந்து வாப்பாவை எழுப்புவதும் அதுதான். இரண்டும் உண்மை. ஒன்றை மட்டும் சொன்னால் அது நியாயம் ஆகாது.

அப்படியென்றால் குற்றம் யாருடையது? நீண்ட காலம் நான் நியூயோர்க்கில் இருக்கும் அந்த முகம் தெரியாத பெண்ணைத்தான் குற்றவாளியாக வைத்திருந்தேன். கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் மஃரிபுக்குள் நுழைபவள் அவள்தான் என்று நினைத்தேன். ஒரு புதன்கிழமை இரவு அந்த எண்ணம் உடைந்தது.

மறுநாள் தவணைப் பரீட்சை. கடந்த கால வினாத்தாளில் ஒரு வினாவுக்கு எனக்கு விடை பிடிபடவில்லை. இரவு 10.20. வினாவைப் படம் பிடித்து எங்கள் டீச்சருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். சற்று நேரத்தில் இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. டீச்சர் பார்த்துவிட்டார். பதில் வரவில்லை. ஐந்து நிமிடம் பார்த்தேன். பிறகு ஒரு கேள்விக்குறியை மட்டும் அனுப்பினேன். அதற்கும் நீலக் கோடு. பதில் இல்லை. சற்றுக் கோபத்தோடுதான் தூங்கினேன்.

காலையில் பரீட்சை மண்டபத்துக்குப் போக முன்னர் டீச்சர் என்னைத் தேடி வந்தார். அந்த வினாவை ஒரு தாளில் அழகாக விளக்கி எழுதிக்கொண்டு வந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. "ராத்திரி சின்னவருக்குக் காய்ச்சல் மகள். ஆஸ்பத்திரியில இருந்தோம். மருந்துச் சீட்டைப் படம் எடுத்து அவங்கட வாப்பாவுக்கு அனுப்பக்குள்ளதான் உங்கட மெசேஜைக் கண்டேன். பதில் எழுத ஏலாமப் போச்சு. கோவிச்சுக்காதீங்க" என்றார்.

என்னிடம் டீச்சர் மன்னிப்புக் கேட்டார். காய்ச்சலில் கிடந்த பிள்ளையின் பக்கத்தில் இருந்த ஒருவருக்கு ஒரு கேள்விக்குறியை அனுப்பிய என்னிடம்.

அன்று பரீட்சையில் அந்த வினா வரவில்லை. ஆனால் எனக்கு வேறொரு விடை கிடைத்தது. டீச்சரின் வீட்டுக்கு நான்தான் நியூயோர்க். நான் கெட்ட எண்ணத்தில் அனுப்பவில்லை. எனக்கு அது வேலை நேரம், அவ்வளவுதான். மறுபக்கத்தில் என்ன நேரம், அங்கே யார் மடியில் யார் கிடக்கிறார்கள் என்று நான் யோசிக்கவில்லை. எங்கள் வகுப்பில் நாற்பது பேர். நாற்பது பேரும் ஒரு நாளைக்கு ஒரு கேள்வி அனுப்பினால்? டீச்சரின் பிள்ளையும் எங்காவது ஒரு விரிப்பில் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும்.

அன்றிரவு வாப்பாவிடம் இதைச் சொன்னேன். முறைப்பாடாகச் சொல்லவில்லை. நான் செய்த பிழையாகத்தான் சொன்னேன். வாப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நானும் செய்றன்தான் மகள். அவங்க என்கிட்டக் கேட்டதும் அதே நிமிஷத்துல எனக்குக் கீழ வேலை செய்ற ரெண்டு பிள்ளைகளுக்கும் அனுப்பிப் போடுவேன். ஒரு பிள்ளைக்குக் கைக்குழந்தை இருக்கு" என்றார். அவருடைய மாலைக்குள் நியூயோர்க் வந்தது. அவர் அதை அப்படியே இன்னும் இரண்டு வீடுகளுக்கு அனுப்பிவைத்தார். அவர்கள் தொழிற்சாலையில் இருக்கும் இன்னும் யாருக்கோ அனுப்பியிருப்பார்கள். கடை யாருக்குமே பூட்டவில்லை.

அதற்கு அடுத்த வாரம் வாப்பா இரண்டு காரியங்கள் செய்தார். தனக்குக் கீழ் வேலை செய்பவர்களிடம், "அவசரம் என்றால் நான் கோல் எடுப்பேன். மெசேஜ் போட்டிருந்தால் அது அவசரம் இல்லை, காலையில் பார்த்தால் போதும்" என்று சொன்னார். இரண்டாவது கொஞ்சம் கடினமானது. மாலை 6.15 முதல் 7.30 வரை தொழுகைக்கும் குடும்பத்துக்குமான நேரம், அதற்குப் பிறகு பதில் தருகிறேன் என்று அந்தப் பெண்ணுக்கு மின்னஞ்சல் எழுதினார். எழுதிவிட்டு அனுப்பாமல் இரண்டு நாள் வைத்திருந்தார். உம்மாதான், "பிஸ்மி சொல்லி அனுப்புங்க" என்றார்.

பதில் அன்றைக்கே வந்தது. தாராளமாக, என்று எழுதியிருந்தார் அவர். கொழும்பில் அப்போது என்ன நேரம் என்று இதுவரை தான் கணக்குப் பார்த்ததே இல்லை என்றும் எழுதியிருந்தார். வாப்பா அந்த வரியை எங்களுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார். இத்தனை வருடம் பயந்திருந்த ஒரு கேள்வியை, கேட்டிருந்தால் போதும் போல இருந்தது.

எல்லா முதலாளிகளும் எல்லா வாடிக்கையாளர்களும் இப்படிப் பதில் எழுத மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். கேட்டதற்காகவே வேலையை இழக்கக் கூடியவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் சட்டம் வேண்டும். அன்பும் புரிந்துணர்வும் மட்டும் போதுமென்றால் 8 மணித்தியால வேலைக்காக உலகம் அவ்வளவு பாடுபட்டிருக்கத் தேவையில்லை. எங்கள் வீட்டிலும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். கப்பல் புறப்படும் வாரங்களில் அந்த ஒன்றேகால் மணித்தியாலம் பறிபோகும். 7.30 க்குப் பிறகு போன் பழையபடி ஒளிரும். ஆனால் பெரும்பாலான நாட்களில் அந்த நேரத்தில் போன் குளிர்சாதனப் பெட்டியின் மேல் கவிழ்ந்து கிடக்கிறது. உம்மா தொடங்கும் வசனங்களை முடிக்கிறார். இந்த வருட நோன்பில் தம்பி ஒரு நாளும் காத்திருக்கவில்லை. அதான் சொன்னதும் வாப்பா ஈத்தம்பழத்தைப் பிய்த்து அவன் வாயில் வைத்தார். ஒன்பது வயதாகிவிட்டது, ஊட்டத் தேவையில்லை என்று அவன் வெட்கப்பட்டான். வாயை மட்டும் திறந்தான்.

இதை வாசிக்கும் பெற்றோருக்கு நான் அறிவுரை சொல்ல வரவில்லை. அதற்கு எனக்கு வயதும் இல்லை, தகுதியும் இல்லை. நீங்கள் எங்களுக்காகத்தான் அந்தப் போனைத் தூக்கிச் சுமக்கிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். உங்கள் பிள்ளை "ஒன்றுமில்லை, பரவாயில்லை" என்று சொல்லும்போது சில வேளை அது ஈத்தம்பழத்தைத் தொடாமல் காத்திருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

என் தோழிகளுக்கு ஒரு வேண்டுகோள். இன்னும் சில வருடங்களில் நாமும் வேலைக்குப் போவோம். சிலர் மற்றவர்களிடம் வேலை வாங்கும் இடத்திலும் இருப்போம். அதற்கு முன்னரே இப்போது ஒன்று பழகலாம். ஒரு செய்தியை அனுப்பும் முன் அந்தப் பக்கத்தில் என்ன நேரம் என்று பாருங்கள். காலை வரைக்கும் பொறுக்கக் கூடியதா என்று உங்களிடமே கேளுங்கள்.

இந்தக் கட்டுரையை எழுதி முடிக்கும்போது இரவு 10.40. சஞ்சிகைப் பொறுப்பாசிரியைக்கு இதை இப்போதே அனுப்பலாம். படம் பிடித்தும் வைத்துவிட்டேன். ஆனால் அவருடைய வீட்டிலும் இப்போது விளக்கை அணைத்திருப்பார்கள். நாளை பாடசாலையில் கையிலேயே கொடுத்துவிடுகிறேன்.